கப்பல் ஏறாதவள்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

காலை ஏழு பத்து. ஆல்ட்ஸ்பாக் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் தொங்கிய டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் கோர்பினியன் ஹாஸ்லர் ஷூ லேசைப் பாதி கட்டியிருந்தார். அப்படியே எழுந்து போய் ரிசீவரை எடுத்தார்.

"ஹாஸ்லர்."

"அப்பா... நான்தான்."

மகள் சென்ஸி. வயது இருபத்திரண்டு. தபாலாபீஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. ஊரில் இருக்கிற எண்பது போனும் அவள் விரல் படாமல் பேசாது.

"என்னம்மா... சாவியை மறந்துட்டியா?"

"விளையாடாதீங்கப்பா. மாவு மில் வென்டலின் லைன்ல இருக்கார். பேச்சே வரல அவருக்கு. கனெக்‌ஷன் தரேன்..."

க்ளிக்.

"சார்... சார்...! வாய்க்கால் கம்பித் தடுப்புல ஒரு பொம்பளை மாட்டிக்கிட்டிருக்கா!"

"உயிரோடயா?"

"உயிரோட இருந்தா உங்களை ஏன் சார் கூப்பிடறேன்? சூடா காப்பி குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேனே!"

அக்டோபர் மூடுபனி. மில் சக்கரத்தை நிறுத்தியிருந்தார்கள். தண்ணீர் மட்டும் விடாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

சார்ஜென்ட் லெக்னர் கொக்கிக் கழியால் உடலைக் கரைக்கு இழுத்தார். லெக்னருக்கு எங்கே போனாலும் வயிறு முதலில் போகும், அவர் பின்னால் போவார். இன்று அந்த வயிறே மூச்சு வாங்கியது.

குப்புறக் கிடந்தாள். பழுப்புக் கோட். கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டிருந்தன. கழுத்தில் கயிறு. கயிற்றில் ஓர் அட்டை!

லெக்னர் அட்டையைத் திருப்பிப் படித்தார்.

"'நாக்கு நீண்டவளுக்கு நாங்கள் கொடுக்கும் கூலி'... சார், இது மை இல்ல. கீல்! பீர் பீப்பாய்க்கு உள்ளே பூசற கீல்! தண்ணில ஊறியும் ஓர் எழுத்து அழியல பாருங்க. இந்த ஊர்ல பீப்பாய்க்குக் கீல் பூசற இடம் ஒண்ணே ஒண்ணுதான்..."

"முகத்தைத் திருப்பு."

லெக்னர் திருப்பினார்.

ஹாஸ்லரின் கையிலிருந்த தொப்பி சேற்றில் விழுந்தது.

"அட கடவுளே! இது நம்ம வால்புர்கா! துணி தேய்ச்சுக் குடுப்பாளே, வால்புர்கா ஸ்டெங்கல்! இவ பிரேசிலுக்குப் போயிட்டாளே சார்! ஊரை விட்டுப் போற ஃபாரத்துல நீங்கதானே முத்திரை குத்திக் குடுத்தீங்க?"

"ஆமா..."

"அப்ப இங்க எப்படி சார் வந்தா?"

ஹாஸ்லர் அவரைத் தாண்டி நடந்தார். வில்லோ மரத்துக்குப் பின்னால் போய்க் காலையில் குடித்த காப்பி மொத்தத்தையும் வாந்தியெடுத்தார்.

இருபது வருஷ சர்வீஸ். நாலு வருஷம் போர்முனை. பிணம் அவருக்குப் புதிதல்ல.

*

வால்புர்கா குடியிருந்த வீட்டுக்காரி அஃப்ரா கதவைத் திறந்தாள். விஷயத்தைக் கேட்டதும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எப்பம்மா திரும்பி வந்தா?" என்று கேட்டார் லெக்னர்.

"போன புதன்கிழமை. வெள்ளிக்கிழமை ரயிலேறினவ, புதன்கிழமை அதே பெட்டியோட வாசல்ல நிக்கறா! ஹாம்பர்க் வரைக்கும் போயிருக்கா. அங்க கப்பல் கம்பெனிக்காரன் இங்கிலீஷ் பவுன்ல குடுன்னுட்டானாம். இவ வச்சிருந்தது நம்ம நாட்டு மார்க். வருஷம் பூரா இஸ்திரி போட்டுச் சேர்த்தது... 'இதுல துறைமுகத்துப் படகு கூட ஏற முடியாதும்மா'ன்னு சிரிச்சானாம். திரும்பி வந்துட்டா."

"ரொம்ப மனசொடிஞ்சு போயிட்டாளா?"

"அவளா? புருஷன் போர்ல செத்தப்பவே ஒடியாதவ. 'இன்னொரு வருஷம் தேய்க்கறேன் அஃப்ரா, பிரேசில் எங்கயும் ஓடிப் போயிடாது'ன்னா. அங்க அண்ணன் இருக்கான் இல்ல? அவனுக்கு லெட்டர் எழுதிட்டு அன்னிக்கே அடுப்பைப் பத்த வச்சுட்டா."

"நேத்து என்ன நடந்துச்சு?"

"சாயங்காலம் பீர் ஆலை வண்டி வந்துது. ஹியாஸ்தான் ஓட்டிட்டு வந்தான். 'விருந்து மேஜைத் துணி நிறைய கெடக்கு, வந்து எண்ணி எடுத்துக்கோ'ன்னான். சந்தோஷமா ஏறிப் போனா சார். வேலை கிடைச்சுதுன்னு!"

லெக்னர் நோட்டில் குறித்துக்கொண்டார். ஹாஸ்லர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

அஃப்ரா அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"இன்ஸ்பெக்டரய்யா... அவ நாக்கு நீளம்னா எழுதியிருந்தானுங்க? அவ பக்கத்து வீட்டுக்காரியைப் பத்திக்கூட ஒரு வார்த்தை பேச மாட்டாளே! யாரோ அவ பேரைத் தப்பாச் சொல்லியிருக்கானுங்க. யாருய்யா அது?"

"விசாரிக்கறோம்மா."

சொல்லும்போதே ஹாஸ்லரின் காது இரண்டும் நெருப்பாய்ச் சிவந்தன.

ஏனென்றால்... அந்த 'யாரோ' யாரென்று அவருக்குத் தெரியும்!

*

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஆல்ட்ஸ்பாக்கில் ஒரு பூகம்பம்.

பெர்லினிலிருந்து ஆயுதச் சோதனைக் குழு திடுதிப்பென்று வந்து இறங்கியது. போரில் ஜெயித்த நாடுகளின் அதிகாரிகள். நேராக பீர் ஆலைக்குப் போனார்கள். நேராக ஐஸ் அறைக்குப் போனார்கள். நேராக மூன்றாவது வரிசைப் பீப்பாய்களை உருட்டினார்கள்.

பின்னால் முந்நூறு ரைபிள். இரண்டு மெஷின் கன்!

ஆலையின் முதலாளி கேப்டன் எங்கல்பர்ட் வான் ரீட். பழைய ராணுவ அதிகாரி. மன்னர் போய், தேர்தல் வந்து, குடியரசு பிறந்து நாலு வருஷம் ஆகியும் அதை ஒப்புக்கொள்ளாத கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். என்றைக்காவது அந்தத் துப்பாக்கிகளோடு பெர்லினுக்கு நடந்து போய் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிவிடலாம் என்பது திட்டம். குழு துப்பாக்கிகளை மட்டும்தான் எடுத்துப் போனது; கேப்டன் மேல் கை வைக்க இந்த ஊர்ப் போலீசுக்குத் துணிவில்லை.

குழுவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருந்தது. அதைப் போட்டோ எடுத்த நகல் ஒன்று ஆல்ட்ஸ்பாக் போலீசுக்கும் வந்தது. பிரித்தவர் ஹாஸ்லர்.

முதல் வரியிலேயே கையெழுத்து தெரிந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பு சிலேட்டிலிருந்து பார்த்த கையெழுத்து.

சென்ஸி!

எக்ஸ்சேஞ்சில் லைன் போட்டுக் கொடுக்கும்போது கேப்டன் பேசியதைக் கேட்டிருக்கிறாள். எழுதிவிட்டாள். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஹாஸ்லர் நகலை அடுப்பில் போட்டார். மகளிடம் மூச்சு விடவில்லை.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, கேப்டன் அவரை விருந்துக்கு அழைத்தார். மாதா கோவில் திருவிழா. நீள மேஜை. வறுத்த வாத்து. ஊரின் பெரிய மனிதர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"ஹாஸ்லர், வாங்க, பக்கத்துல உக்காருங்க," என்றார் கேப்டன். "ஒரு கணக்கு உதைக்குது. ஐஸ் ரூம் விஷயத்தை நான் போன்ல மட்டும்தான் பேசினேன். போன்ல பேசினதைக் கேக்கறது யாரு?"

ஹாஸ்லர் பீர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எக்ஸ்சேஞ்சுல மூணு பொண்ணுங்க," கேப்டன் விரல் விட்டு எண்ணினார். "ஒருத்தி என் தம்பி பொண்டாட்டி. இன்னொருத்திக்கு ஒரு காது டமாரம். மூணாவது..."

நிறுத்தினார். சிரித்தார். அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் தெரிந்தது.

ஹாஸ்லர் வாயைத் திறந்தார். என்ன வரப் போகிறது என்று அவருக்கே தெரியாது. ஒரு பெயர் வந்து விழுந்தது.

"வால்புர்கா ஸ்டெங்கல்."

"யாரு... இஸ்திரிக்காரியா?"

"உங்க ஆலைத் துணி எடுக்க வருவாளே கேப்டன். ஐஸ் ரூம் பக்கத்து ரூம்லதானே துணி கெடக்கும்? பார்த்திருக்கா. லெட்டர் நகல் என்கிட்ட வந்துது. அவ கையெழுத்துதான்."

பொய்க்கு மேல் பொய்! எத்தனை அழகாக அடுக்கினார்!

"எங்க அவ?"

"கையில சிக்க மாட்டா. நேத்து ரயிலேறிட்டா. பிரேசில். நான்தான் முத்திரை குத்தினேன். இந்நேரம் கப்பல் ஏறியிருப்பா."

அந்த நினைப்பில்தான் சொன்னார். எட்டாத தூரத்தில் இருப்பவள். ஒரு பெயர்தானே... கடலைத் தாண்டியவளுக்குக் கெட்ட பெயரால் என்ன குறைந்துவிடும்?

"அடடா, தப்பிச்சுட்டாளே!" கேப்டன் பெருமூச்சு விட்டார். பிறகு முள்கரண்டியால் ஒரு வாத்துக் காலைக் குத்தி ஹாஸ்லரின் தட்டில் வைத்தார். "சாப்பிடுங்க. நீங்க நம்ம ஆளு."

ஹாஸ்லர் சாப்பிட்டார். எலும்பு வரைக்கும் சாப்பிட்டார். ருசியாகவும் இருந்தது.

*

"தற்கொலை," என்றார் தலைமை அதிகாரி டாஃப்னர்.

லெக்னர் இருமினார். "சார், கழுத்துல அட்டை..."

"தன் மேல வெறுப்பு. தானே எழுதி மாட்டிக்கிட்டா."

"கை ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டது?"

"இஸ்திரிக்காரி இல்லையா... கை வேலையில கெட்டிக்காரி."

"கீல் சார்? அது பீர் ஆலைல..."

"லெக்னர், உனக்கு ரிட்டயர் ஆக எத்தனை வருஷம் பாக்கி?"

"நாலு சார்."

"அந்த நாலையும் வெளியில போய் நின்னு எண்ணு."

லெக்னர் வெளியே போனார். போகும்போது ஹாஸ்லரை ஒரு பார்வை பார்த்தார். 'நீங்களாவது சொல்லுங்க சார்' என்றது அந்தப் பார்வை.

கதவு சாத்திக்கொண்டது. டாஃப்னர் ஒரு காகிதத்தை மேஜையில் தள்ளினார். ஏற்கனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது!

"கேப்டன் காலையில பேசினார். உன்னை ஒரேயடியா மெச்சறார். 'ஹாஸ்லர் இல்லைன்னா எங்களுக்கு விஷயமே தெரிஞ்சிருக்காது'ன்னார்."

"சார்... நான்..."

"நீ பேர் சொன்ன. அவங்க பார்த்துக்கிட்டாங்க. கேஸ் கோர்ட்டுக்குப் போனா முதல்ல உன்னைத்தான் கேப்பான், 'பேர் சொன்னது யாரு'ன்னு. கூசாம பதில் சொல்லுவியா?"

ஹாஸ்லர் தலை குனிந்தார்.

"கையெழுத்துப் போடு."

போட்டார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். அவரால் தாங்க முடியாமல் போனது இன்னொன்று... கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. கையெழுத்து எப்போதும்போல் முத்துமுத்தாக விழுந்திருந்தது!

*

மத்தியானம். வீடு. முட்டைக்கோஸ் சூப் ஆறிக்கொண்டிருந்தது.

சென்ஸியின் கண்கள் வீங்கியிருந்தன.

"அப்பா... ஒண்ணு சொல்லணும். அடிச்சாலும் பரவால்ல."

"சொல்லு."

"சோதனைக் குழுவுக்கு லெட்டர் போட்டது நான்தான்."

"தெரியும்."

"தெரியுமா!"

"உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

சென்ஸி ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"அப்ப வால்புர்காவை ஏன்பா கொன்னாங்க? அவளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எவனோ ஒரு படுபாவி அவ பேரைப் போட்டுக் குடுத்திருக்கான். நீங்க போலீஸ்தானே... கண்டுபிடிங்கப்பா!"

"கண்டுபிடிச்சாச்சு."

"யாரு?"

"உன் எதிர்ல உக்காந்து சூப் குடிச்சிட்டிருக்கான்."



சென்ஸி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். மேஜையின் அந்தக் கோடிக்குப் போய் நின்றாள். அப்பாவுக்கும் தனக்கும் நடுவில் மேஜை இருக்க வேண்டும் என்பது போல.

"என்னைக் காப்பாத்தவா?"

"மூணு பொண்ணுங்கள்ல ரெண்டு பேரைக் கழிச்சுட்டான் சென்ஸி... மிச்சம் நீதான். எனக்கு வேற வழி தெரியல. அவ கப்பல்ல இருக்கான்னு நினைச்சேன்."

"கப்பல்ல இருக்கறவ மேல பழி போட்டா பாவம் இல்லையா?"

ஹாஸ்லர் சூப் கிண்ணத்தை ஒதுக்கி வைத்தார்.

"திரும்பி வந்துட்டான்னு உங்களுக்குத் தெரியாதாப்பா? ஊருக்குள்ள வந்தா ஸ்டேஷன்ல பதிவு பண்ணணுமே?"

இதைத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை வந்து பதிஞ்சிருக்கா," என்றார் மெதுவாக. "நான் ஞாயித்துக்கிழமை வரைக்கும் லீவு. ராத்திரி டூட்டிக்காரன் நோட்டுல எழுதி வச்சிருந்தான். நேத்து திங்கக்கிழமை காலையில பக்கத்தைப் புரட்டினேன். பேரைப் பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"சாயங்காலம் போய் எச்சரிக்கலாம்னு நினைச்சேன். எப்படிச் சொல்றது? 'உன் பேரை நான்தான் சொன்னேன், ஓடிப் போயிடு'ன்னு அவ முகத்தைப் பார்த்துச் சொல்லணும். அதுக்கு வெக்கமா இருந்துது. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு..."

"நாளைக்கா!"

சென்ஸி கோட்டை எடுத்து மாட்டினாள். 

"ரிப்போர்ட்ல என்ன எழுதினீங்க?"

"தற்கொலைன்னு."

"சரி. நான் நேரா கேப்டன்கிட்ட போறேன். லெட்டர் எழுதினது நான்னு சொல்றேன். செத்தவ மேல இருக்கற பழியாவது போகட்டும்."

ஹாஸ்லர் ஓடிப் போய்க் கதவை மறித்தார்.

"உன்னையும் கொன்னுடுவாங்கம்மா!"

"அப்ப நீங்க பேசுங்க! இந்த ஊர்ல யாருக்கும் காது இல்லைன்னா வெளியூர்ல பேசுங்க! எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. வழி விடுங்க."

வழி விட்டார்.

'போய்ட்டு வரேம்பா' என்று சொல்லாமல் அவள் படியிறங்கியது அதுதான் முதல் தடவை.

*

மணி மூன்று. ஸ்டேஷன்.

ஹாஸ்லர் ரிசீவரை எடுத்தார்.

"எக்ஸ்சேஞ்ச்," என்றது மகளின் குரல்.

"நியூரம்பர்க் வேணும். பெரிய தினசரி எதுவா இருந்தாலும் சரி."



"காத்திருங்க."

'அப்பா' என்ற சொல் வரவில்லை. யாரோ ஒரு சந்தாதாரரிடம் பேசுகிற குரல்.

லெக்னர் நிமிர்ந்து பார்த்தார்.  நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். அந்த வயிறைத் தள்ளிக்கொண்டு உள்ளே வர ஒரு யானை வேண்டும்.

"சுருக்கெழுத்துப் பிரிவு!" ஒரு பெண்ணின் அவசரக் குரல். "சீக்கிரம் சொல்லுங்க. மாலைப் பதிப்பு அச்சுக்குப் போகுது."

"எழுதிக்கங்க. ஆல்ட்ஸ்பாக்ல ஒரு கொலை. வால்புர்கா ஸ்டெங்கல், வயசு முப்பத்தாறு, போர் விதவை. கையைக் கட்டி வாய்க்கால்ல போட்டிருக்காங்க. கூட்டிட்டுப் போனவன் பீர் ஆலை வண்டிக்காரன் ஹியாஸ். அனுப்பினது கேப்டன் எங்கல்பர்ட் வான் ரீட். ஆயுதத்தைக் காட்டிக் குடுத்தாள்ங்கறது பழி. அது பொய்ப் பழி. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"மெதுவா... மெதுவா! பொய்ப் பழின்னு எப்படிச் சொல்றீங்க?"

"பழி போட்டது நான்."

பென்சில் நின்றது அந்தப் பக்கம்.

"நீங்க யாரு?"

"இன்ஸ்பெக்டர் கோர்பினியன் ஹாஸ்லர். எழுத்துக்கூட்டிச் சொல்லட்டுமா?"

"பேரைப் போடலாமா?"

"பேரைப் போடலைன்னா மத்த எதையும் போடாதீங்க."

வெளியே தாழ்வாரத்தில் பூட்ஸ் சத்தம். கதவு நாற்காலியில் இடித்தது. லெக்னர் அசையவில்லை.

"ஹாஸ்லர்!" டாஃப்னரின் குரல். "யார்கிட்ட பேசற? கதவைத் திற!"

"கதவு கொஞ்சம் இறுகியிருக்கு சார்," என்றார் லெக்னர். "மழைக்கு உப்பியிருக்கும்."

பூட்ஸ் சத்தம் பக்கத்து அறைக்கு ஓடியது. அங்கே டாஃப்னரின் சொந்த போன்!

"எக்ஸ்சேஞ்ச்! ஸ்டேஷன் லைனை உடனே துண்டி!"

"எந்த ஸ்டேஷன் சார்? ரயில்வே ஸ்டேஷனா?"

"போலீஸ் ஸ்டேஷன்டி!"

"நீங்களே போலீஸ் ஸ்டேஷன்லருந்துதானே சார் பேசறீங்க... உங்க லைனைத் துண்டிக்கணுமா? சரிங்க சார்."

க்ளிக்!

"ஹலோ...! ஹலோ...!" டாஃப்னர் சுவருக்கு அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கம், நியூரம்பர்க் கேட்டது.

"கடைசியா ஒண்ணு. எதுக்காக அவ பேரைச் சொன்னீங்க?"

ஹாஸ்லர் கண்களை மூடினார்.

உண்மையைச் சொல்லலாம். மகளுக்காக என்று சொல்லலாம். சாயங்காலம் பேப்பர் படிக்கிறவன் 'பாவம், பெத்த மனசு' என்பான். கேப்டனின் ஆட்களும் படிப்பார்கள். படித்துவிட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு எக்ஸ்சேஞ்ச் வாசலுக்குப் போவார்கள்.

"பெரிய மனுஷங்க மேஜையில எனக்கும் ஒரு நாற்காலி வேணும்னு ஆசை," என்றார். "கேட்டாங்க. தோணின பேரைச் சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"லெட்டர் எழுதினது யாருன்னு தெரியுமா?"

"தெரியாது."

"மன்னிக்கணும் இன்ஸ்பெக்டர்... ரொம்பக் கேவலமா இருக்கே?"

"அப்படியே எழுதிக்கங்க. மாத்தாதீங்க."

லைனில் எங்கோ நடுவில் ஒரு மூச்சு இழுபட்டது. நியூரம்பர்க் மூச்சு அல்ல.

"மூணு நிமிஷம் ஆச்சு," என்றது எக்ஸ்சேஞ்ச். குரல் உடைந்திருந்தது. "நீட்டிக்கணுமா?"

"வேண்டாம்மா. சொல்ல வேண்டியது முடிஞ்சுது."

*

அன்று சாயங்காலமே செய்தி வந்தது. மறுநாள் பெர்லின் பத்திரிகைகளில் வந்தது. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் நியூரம்பர்க்கிலிருந்து அரசாங்க வக்கீல் நாலு போலீசாரோடு வந்து சேர்ந்தார்.

வண்டிக்காரன் ஹியாஸைக் காணவில்லை. ஆஸ்திரியாவுக்குப் போய்விட்டானாம். பாஸ்போர்ட்டில் பளிச்சென்று முத்திரை. குத்தியவர் டாஃப்னர்!

கேப்டனை ஆலை முற்றத்தில் கைது செய்தார்கள். கையுறையை நிதானமாக மாட்டிக்கொண்டே ஹாஸ்லரைப் பார்த்தார்.

"ஒரு இஸ்திரிக்காரிக்காகவா ஹாஸ்லர்? உங்க பேரும் நாறுமே!"

"அது விருந்தன்னிக்கே நாறிடுச்சு கேப்டன். உங்களுக்குத்தான் இப்ப மூக்கு வேலை செய்யுது."

வால்புர்காவை அடக்கம் செய்த அன்று ஹாஸ்லர் கல்லறைத் தோட்டத்துக்குள் போகவில்லை. வெளிச்சுவரை ஒட்டி நின்றார். அஃப்ரா வெளியே வந்தாள். அவரைப் பார்த்தாள். பேப்பர் அவளும் படித்திருந்தாள். திட்டுவாள், துப்புவாள் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார்.

அவள் எதுவும் செய்யவில்லை. தெருவைக் கடந்து அந்தப் பக்கமாகப் போனாள்.

துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டிருக்கலாம்.

*

மார்ச் மாதம். கோர்ட்.

கூட்டம் நெரிந்தது. முதல் வரிசை முழுக்கப் பழைய ராணுவ மெடல்கள். முதல் குற்றவாளி கேப்டன் வான் ரீட். இரண்டாவது குற்றவாளி கோர்பினியன் ஹாஸ்லர். கடைசி வரிசையில் சென்ஸி, லெக்னர், அஃப்ரா.

நீதிபதிக்கு வெள்ளை மீசை. மன்னர் காலத்து நியமனம். மன்னர்தான் போனார், மீசை போகவில்லை.

"கேப்டன், வண்டிக்காரனை நீங்க அனுப்பினீங்களா?"

"மேஜைத் துணி வெளுக்கணும்னு சொன்னேன். ஆளை வெளுக்கச் சொல்லல."

முதல் வரிசை சிரித்தது. நீதிபதியும் மீசைக்குள் சிரித்தார்.

"ஹாஸ்லர்! எழுந்திருங்க. ஒண்ணும் அறியாத ஒரு பொம்பளை பேரை எதுக்காகச் சொன்னீங்க?"

"பெரிய மனுஷங்க மேஜையில இடம் கிடைக்கும்னுங்கய்யா."

"தூ!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். இன்னொருவன் செருப்பைக் காட்டினான்.

கடைசி வரிசையில் நாற்காலி சரிந்தது. சென்ஸி எழுந்து நின்றாள்!

"ஐயா! அவர் சொல்றது பொய்! நான் பேசணும்!"

கோர்ட் மொத்தமும் திரும்பியது. கேப்டன் திரும்பினார். அவர் கண்கள் சுருங்கின.

"யாரும்மா நீ?" என்றார் நீதிபதி.

சென்ஸி வாயைத் திறப்பதற்குள் ஹாஸ்லர் கத்தினார்.

"என் பொண்ணுங்கய்யா! அப்பன் நல்லவன்னு நினைச்சு வளர்ந்த பொண்ணு. தாங்கிக்க முடியல. உக்காரச் சொல்லுங்க!"

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அப்பாவும் மகளும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். ஹாஸ்லர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். கொஞ்சமாக. அவளுக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு.

லெக்னர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "உக்காரும்மா... நீ பேசினா ரெண்டாவது அட்டை உன் கழுத்துக்கு வரும். அந்த மனுஷன் பட்ட அசிங்கமெல்லாம் வீணாப் போயிடும்."

சென்ஸி உட்கார்ந்தாள். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். அஃப்ரா அவளைப் பார்த்தாள். ஹாஸ்லரைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள். ஏதோ புரிந்தது போலக் கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

தீர்ப்பு.

"கேப்டன் வான் ரீடின் நாட்டுப்பற்றில் இந்தக் கோர்ட்டுக்குச் சந்தேகமே இல்லை," நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "கொலையில்தான் சந்தேகம். விடுதலை!"

கைத்தட்டல்! மெடல்கள் எழுந்து குலுங்கின. எங்கிருந்தோ ஒரு பூங்கொத்து வந்தது. நீதிபதி மேஜை மணியை நாலு தடவை அடிக்க வேண்டியிருந்தது.

"இரண்டாவது குற்றவாளி கோர்பினியன் ஹாஸ்லர். மொட்டைக் கடிதம் வந்த செய்தியை வெளியாரிடம் சொன்னது ஒரு குற்றம். விசாரணை விவரத்தைப் பத்திரிகைக்குச் சொல்லி ஊர் மானத்தை வாங்கியது இன்னொரு குற்றம். வேலை நீக்கம். ஒன்றரை வருஷம் சிறை!"

ஒரு கொலை. கொன்றவன் ஆஸ்திரியாவில். கொல்லச் சொன்னவன் பூங்கொத்தோடு வாசலில். மொத்த வழக்கிலும் ஜெயிலுக்குப் போனவர் அதை வெளியே சொன்னவர் ஒருவர்தான்!



"ஹாஸ்லர்," என்றார் நீதிபதி, ஃபைலை மூடிக்கொண்டே. "ஒரு வாரத்துக்குள்ள நீங்க மேல்முறையீடு செய்யலாம். ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணே ஒண்ணுங்கய்யா."

"கேளுங்க."

"தண்டனை போதலைன்னு மேல்முறையீடு பண்றவனுக்கு எந்த ஜன்னல்ல ஃபாரம் குடுப்பாங்க?"